இருபது நிமிடத்தில் தயார்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகச் சுவரில் எங்கள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ‘இந்த மாதத்தின் சிறந்த குழு’. கண்ணாடி போட்ட சட்டம், கீழே பிளாஸ்டிக் பூ. படத்தில் நிதானம் அண்ணன் சிரிப்பதுபோல் இருக்கிறார். ஆறு வருடமாக அவர் ஓட்டுகிற ஆம்புலன்ஸில் பின்னால் உட்கார்ந்து போகிறவள் நான். எனக்குத் தெரியும், அது சிரிப்பில்லை. ‘சிரிங்க’ என்று சொன்னதற்குப் பல்லைக் காட்டியிருக்கிறார். நான் அதுகூடச் செய்யவில்லை. கடன்காரனைப் பார்த்தவள்போல் முறைத்துக்கொண்டு நிற்கிறேன்.

எதற்குச் சிறந்த குழு? வேகமாகத் தயார் ஆனதற்கு. நோயாளியை மருத்துவமனையில் ஒப்படைத்த பிறகு வண்டியைக் கழுவி, விரிப்பை மாற்றி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற திரையில் ‘தயார்’ என்கிற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இருபது நிமிடத்துக்குள். தாண்டினால் கண்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிடுவார்கள். அடிக்கடி தாண்டினால் விளக்கம் கேட்பார்கள். போன மாதம் நாங்கள் ஒரு தடவைகூடத் தாண்டவில்லையாம்.

போன மாதம். தண்ணீர்த் தொட்டியில் விழுந்த அந்தப் பையன் போன மாதம்தான். மூன்று வயது. வாசலில் தரையோடு தரையாக இருக்கிற தொட்டி, மூடி கொஞ்சம் விலகியிருந்தது. வழி முழுவதும் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். அவன் அம்மா முன்னால் உட்கார்ந்து, அண்ணனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். மருத்துவமனையில் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, உயிர் போன நேரத்தைச் சொன்னார். நாங்கள் வெளியே வந்தோம். வண்டித் தரையில் தேங்கியிருந்த தொட்டித் தண்ணீரைத் துடைத்தோம். பொத்தானை அழுத்தினோம். அடுத்த கேஸ் ஒரு கால் சுளுக்கு.

அந்தத் தண்ணீரைச் சீக்கிரம் துடைத்ததற்கா படம்? வெட்கமா இல்லையா இவங்களுக்கு?

மார்ச் 5, புதன்

பிளாஸ்டிக் பூவையாவது எடுக்கச் சொன்னேன், செத்துப்போனவர்கள் படம் மாதிரி இருக்கிறது என்று. மேற்பார்வையாளர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

குளிக்கும்போது கதவைத் தாழ் போடக்கூடாது என்று மகளிடம் சொல்லியிருந்தேன். இன்று போட்டுவிட்டாள். தட்டினேன், உடனே பதில் வரவில்லை. தோளால் இடித்தே திறந்துவிட்டேன். தாழ்ப்பாள் ஸ்குரூவோடு பிய்ந்து வந்துவிட்டது. அவள் தலையில் ஷாம்பூ நுரையோடு மூலையில் ஒண்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பெண். குளியலறையில் இருப்பது ஒரு வாளி. அதில் கால் வைத்தால் முழங்கால்கூட நனையாது.

கணவர் ஸ்குரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். எதையும் மெதுவாகத்தான் கேட்பார். உனக்கு ஏதோ ஆகியிருக்கிறது, யாரையாவது பார்க்கலாமா என்றார். எனக்கு ஒன்றும் இல்லை, கதவுதான் மட்டமான மரம் என்றேன்.

மட்டமான மரம்தான் அது.

மார்ச் 13, வியாழன்

வாரத்தில் ஒரு நாள் லீவு. அதையும் பிடுங்கி ‘மன உறுதிப் பயிற்சி’ வைத்தார்கள். வராவிட்டால் ஆப்சென்ட். வெள்ளை ஷூ போட்ட ஒரு தம்பி வந்து, மூச்சை உள்ளே இழுங்கள், வெளியே விடுங்கள் என்றான். ஊரார் மூச்சையெல்லாம் நாங்கள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம், எங்களுக்கு இவன் சொல்லித் தருகிறான். பிறகு ஆளுக்கு ஒரு பலூன். கவலையை நினைத்துக்கொண்டு ஊத வேண்டுமாம், ஊசியால் குத்தினால் கவலை போய்விடுமாம்.

முதல் பலூன் வெடித்தபோது நிதானம் அண்ணன் நாற்காலியோடு பின்னால் விழுந்துவிட்டார். அறையே சிரித்தது. அவரும் எழுந்து தூசி தட்டிக்கொண்டு சிரித்தார். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன், அவர் கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு வேகமாகப் போனாலும் ‘நிதானம், நிதானம்’ என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவார், அதனால்தான் அவருக்கு இந்தப் பெயரே. லாரி டயர் பக்கத்தில் வெடித்தாலும் திரும்பிப் பார்க்காத மனிதர். இவருக்கா பலூனில் பயம்?

எல்லாம் நம்ம எண்ணத்தில்தான் இருக்கிறது என்று அந்தத் தம்பி முடித்தான். நான் எழுந்து, “உங்க கையில யாராவது செத்திருக்காங்களா, தம்பி?” என்று கேட்டேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். பாவம், அந்தத் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒப்புக்கு ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தி, எங்களுக்கு எல்லாம் செய்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

எழுத்து கோணலாக வருகிறது. ஆனாலும் நடந்தது நடந்தபடி எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

காலையில் அழைப்பு. ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். தொட்டி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. அந்தப் பகுதி அண்ணனுக்கு அத்துப்படி என்பதால் திரையில் வழியைப் பார்க்க மாட்டார். நான் பின்னால் சிலிண்டரைச் சரிபார்த்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வண்டி நின்றது. கதவைத் திறந்து இறங்கினேன்.

நீல கேட். செருப்பு வைக்கிற மர அடுக்கு. வாசலில் தொட்டி. மூடிமேல் இப்போது ஒரு கருங்கல் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. அதுதான் கொடுமை. ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளிவிட்டேன். கதவைத் திறந்தவள் அந்தப் பையனின் அம்மா. என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். திறந்து கிடந்த பின்கதவைப் பார்த்தாள்.

“கொண்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். இந்த வீடு இல்லை, வண்டியை எடுங்க என்று நான் கத்தினேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி திரும்பியபோது அவள் கேட் வரைக்கும் வந்து நின்றாள்.

பெரியவர் வீட்டுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மாஸ்க்கை வைத்தால் மூக்கை மட்டும்தான் மூடுகிறது. என் கையில் இருந்தது குழந்தைகளுக்கான மாஸ்க். பையின் அடியில் தனி உறையில் இருக்கிற சின்ன மாஸ்க். அதை எப்போது எடுத்தேன்? பெரியவருக்கு மூச்சுத் திணறல் என்று என் காதால் கேட்டேனே. பிறகு எதற்கு அதை எடுத்தேன்?

மாற்றி வைத்தேன். பெரியவர் பிழைத்துக்கொண்டார், ஐ.சி.யூ.வில் இருக்கிறார். அவர் மகன் எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டட்டும், அவனுக்கு அப்பா.

ஒப்படைத்துவிட்டு வந்து அண்ணன் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

மார்ச் 18, செவ்வாய்

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக்கூடாது. வண்டி எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் நின்றது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டினார் மேற்பார்வையாளர். அந்தக் கோட்டில் எல்லாம் இருக்கிறது, எதற்காக நின்றது என்பது மட்டும் இல்லை.

“உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது, நீங்க பின்னாலதானே இருந்தீங்க” என்றார் என்னிடம். ஆறுதல் சொல்கிறாராம்.

மார்ச் 20, வியாழன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மாடியில் இருந்தார், இறங்கி வரவில்லை. அண்ணிதான் பேசினார். ஒரு மாதமாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லையாம். தூங்கினாலும் வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறதாம், கட்டிலே ஆடுகிறதாம். யூனிஃபார்ம் சட்டையில் ஒரு பக்கத்துக் கையை மட்டும் தோள்வரை சுருட்டி வைத்துக்கொள்கிறாராம்.

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பெண் பிடித்துக்கொண்டு வந்த கை.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, தினமும் ஆஸ்பத்திரிக்குத்தானே போறேன்னு சொல்லுவார்” என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மார்ச் 24, திங்கள்

வாக்குமூலத்தை அவர்களே டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதும். ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் வாகனம் தவறான முகவரிக்குச் சென்றது.’ இதில் நான் கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்கு வேலை போய்விடும். இந்த ஊரில் வேறு எந்த ஆம்புலன்ஸிலும் ஏற முடியாது. போடாவிட்டால் விசாரணையில் நானும் சேர்ந்துகொள்வேனாம். இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார் மேற்பார்வையாளர். பயிற்சி மையத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, பகல் வேலை, ரத்தம் கிடையாது, என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாராம்.

டீயைக் குடிக்காமல் வந்தேன். ஆறு வருடம் அவர் சக்கரத்தை நம்பித்தான் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டு ஊசி போட்டேன். ஒரு தடவைகூட என் தலை இடித்ததில்லை. கவனக்குறைவாம்! யாருக்குடா கவனக்குறைவு? செத்த குழந்தையைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை இருபது நிமிடத்தில் கிளம்பு என்கிறீர்களே, அதற்குப் பேர் என்ன?

கணவரிடம் சொன்னேன். போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தச் சின்ன மாஸ்க்கை நீ ஏன் எடுத்தே, அதை மட்டும் யோசிச்சுப் பாரு” என்றார்.

எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

மார்ச் 28, வெள்ளி

நீல கேட்டுக்கு நானாகவே போனேன். யூனிஃபார்ம் இல்லாமல், பையில்லாமல்.

அவள் என்னை உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அலுவலகத்திலிருந்து அவளுக்கு போன் வந்ததாம். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தொந்தரவு செய்ததாகப் புகார் எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். இதைக் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அவள் வீட்டில் உட்கார்ந்து அசிங்கமாகப் பேசியிருப்பேன்.

“முடியாதுன்னு சொல்லிட்டேன். அந்த டிரைவர் அண்ணன் வந்ததுல ஒரு தப்பும் இல்லை. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வேற யாருமே வரலை” என்றாள்.

மூடியை யார் விலக்கி வைத்தது என்பதில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவளைத்தான் கைகாட்டியிருக்கிறது. அவள் கணவர் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார். பேசுவதில்லை.

அன்று எங்களைப் பார்த்துக் கேட்டது புத்தி தடுமாறிக் கேட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! பிறகு, முன்னால் உட்கார்ந்திருந்ததால் பின்னால் நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்று சொல்லி, இரண்டே கேள்வி கேட்டாள். வழியில் அவன் கண்ணைத் திறந்தானா? இல்லை என்றேன். அழுத்துவதை எங்கேயாவது விட்டீர்களா?

“ஒரு இடத்துலயும் விடலைம்மா.”

தலையை ஆட்டினாள். என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை, புறங்கை, விரல்கள். பார்த்துவிட்டு என் மடியிலேயே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

விசாரணை. நீள மேஜை, அந்தப் பக்கம் நான்கு பேர், இந்தப் பக்கம் அண்ணனும் நானும். அண்ணன் சட்டையின் இரண்டு கையையும் ஒழுங்காக இறக்கிவிட்டு, பித்தான் போட்டிருந்தார். அண்ணி போட்டு அனுப்பியிருப்பார். கேட்டதற்கெல்லாம் ‘ஆமாம் சார், என் தப்புதான் சார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது.

டைப் அடித்த வாக்குமூலத்தை என் பக்கம் தள்ளினார்கள். நான் அதை அவர்கள் பக்கமே தள்ளிவிட்டு, பையிலிருந்து சின்ன மாஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தேன். உள்ளங்கையில் அடங்கிவிடும் அது.

“அன்னிக்கு நான் இதோடதான் இறங்கினேன். பெரியவருக்கு வைக்கவும் போனேன். இவர் அந்த வீட்டுக்கு ஓட்டினார், நான் அந்தக் குழந்தைக்கு எடுத்தேன். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கலை. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல, ஒரே வீட்டுக்கா கவனக்குறைவு வரும்?”

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். நான் நிறுத்தவில்லை. பையன் இறந்த அன்று நாங்கள் தயாராக இல்லை, தயார் என்று அழுத்தினோம், அது பொய், அந்தப் பொய்க்குத்தான் சுவரில் படம் மாட்டினீர்கள் என்றேன். அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதில் அந்தப் பொத்தானுக்கும் பங்கு உண்டு, வேலையை விட்டு எடுப்பதானால் முதலில் அதை எடுங்கள் என்றேன். குரல் உடைந்துவிட்டது. கோபத்தில்தான்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் திட்டினார். உனக்குப் பிள்ளை இருக்கிறது, எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாய் என்று. திட்டிக்கொண்டே என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

கண்ட்ரோல் ரூம் பெண் என் கைபேசிக்குக் கூப்பிட்டாள். ரேடியோவில் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன், முகம் தெரியாது. “அக்கா, அன்னிக்கு அந்தத் தொட்டி வீட்டுலேர்ந்து வந்த போனை எடுத்தது நான்தான்” என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. நானும் வைக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. வேலை போகவில்லை. அண்ணனுக்கு எச்சரிக்கை, கூடவே ஓய்வும் சிகிச்சையும். டாக்டர் சரி என்றால் திரும்ப வண்டி. எனக்கும் ஒரு எச்சரிக்கை. பயிற்சி மையம் இனி குதிரைக் கொம்பு. கடினமான அழைப்புக்குப் பிறகு குழுவினர் ‘உரிய அனுமதி பெற்று’ கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளலாமாம். அழுவதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், எத்தனை நகல் என்று கேட்கத்தான் நினைத்தேன்.

படத்தை நானே கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. பூவை ஆணியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மனநல மருத்துவரிடம் அண்ணனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு. அந்த டாக்டரம்மா அண்ணனிடம் பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். எனக்கு ஒன்றும் இல்லை, நான் கூட வந்தவள் என்றேன். சரி, கூட வந்தவராகவே உட்காருங்கள் என்றார். ஒரு மணி நேரம் கத்தியிருப்பேன். அலுவலகத்தை, பொத்தானை, பலூனை, மட்டமான மரத்தை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் துணைக்கு வாருங்கள் என்றார்.

ஜூன் 19, வியாழன்

அண்ணன் வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். சாவியை வாங்கி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, நான் இல்லாத நேரத்தில் எவன் கிளட்ச்சைத் தேய்த்தான் என்று கேட்டார். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது திரையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார். போகிற தெருவின் பெயரை வாய்விட்டுச் சொல்கிறார். நானும் பின்னாலிருந்து திருப்பிச் சொல்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று ஒரு குழந்தை. வலிப்பு. அந்தப் பையன் வயதுதான். சின்ன மாஸ்க்கை எடுத்தேன், இந்தத் தடவை சரியான ஆளுக்கு. மருத்துவமனை வாசலிலேயே கண் விழித்து என் முடியைப் பிடித்து இழுத்தது. நன்றாக இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

வண்டியைக் கழுவி முடித்து, விரிப்பு மாற்றினோம். அண்ணன் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனவர் அழுத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீ தயாரா?”

நாலு மாதமாக இந்த மனிதருக்காக ஊரையே எதிர்த்துக் கத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாராவது அவரைக் கேட்டார்களா என்றுதான் கத்தினேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தயார்தான், அழுத்துங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“இல்லைண்ணே.”

அவர் ரேடியோவை எடுத்து, நாங்கள் இன்னும் தயாராகவில்லை என்றார். யாருடைய அனுமதியும் கேட்கவில்லை. ஆகும்போது சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் கண்ட்ரோல் ரூம் பெண். நான் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுதேன், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க. அண்ணன் ஏற்கெனவே கழுவிய தரையை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று, தாழ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். போட்டுக்கோ என்றேன். கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

குளியலறைக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நடுவில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை. கதவைத் தட்டவில்லை. சோப்பு போடுகிறாளாக இருக்கும்.

மறுபடி தண்ணீர் விழுகிறது. கூடவே ஏதோ பாட்டு, ராகம் தாறுமாறாக.